போர்வை என்றொரு கார்

1968ஆம் ஆண்டின் கடைசி. இத்தாலியில், டூரின் நகரத்து மோட்டார் கண்காட்சி. அங்கே நின்ற ஒரு காருக்கு மூக்கிலிருந்து கூரை வரைக்கும் ஒரே சரிவு. முன்பக்கத் தகடு எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று பக்கத்தில் நின்று பார்த்தாலும் பிரித்துச் சொல்ல முடியாது. கண்ணாடி அவ்வளவு படுத்துக் கிடந்ததால், எதிரே சாலை தெரிவதற்காக அதன் அடியில் ஜன்னல் அடைப்புப் போலத் திறந்து மூடும் பட்டைகள் வைத்திருந்தார்கள். உள்ளே ஒரே வரிசையில் மூன்று இருக்கைகள். ஸ்டீயரிங் நடு இருக்கைக்கு. ஓட்டுநருக்கு இருபுறமும் ஆள் உட்காரலாம். நிறம், பச்சையும் நீலமும் கலந்த கடல் நிறம். பெயர், பிட்ஸரீனி மான்டா.

அந்தக் கார் ஒன்றே ஒன்றுதான் செய்யப்பட்டது. தொடர் உற்பத்திக்கு வரவே இல்லை. கார் வடிவமைப்பின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதன் சரிவையும் மூன்று இருக்கையையும் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். என்னை இழுத்தது அந்தப் பெயர். முத்துக் குளித்த கரையில் பிறந்தவன் அந்தச் சொல்லைச் சும்மா கடந்துபோக முடியாது. அது முத்துக் குளித்தவர்கள் வைத்த பெயர்.

ஒலியைப் பற்றி முதலில் ஒன்று. இது ஸ்பானியச் சொல். அவர்கள் நாக்கில் இதன் கடைசி எழுத்து பல்லில் பட்டு ஒலிக்கும். நமக்கு ஆங்கிலம் வழியாக வந்து சேர்ந்ததால் டகரம் போட்டு மான்டா என்கிறோம். வழக்கில் வந்துவிட்டதை நான் மாற்றவில்லை.

மான்டா ஒரு மீன். திருக்கை இனத்திலேயே பெரியது. சிறகை விரித்தால் ஏழு மீட்டர் வரை போகும். மன்னார் வளைகுடாவில் அதற்கு ஆனைத் திருக்கை என்று பெயர். கொம்புத் திருக்கை என்றும் சொல்வார்கள். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தூத்துக்குடியின் திரேஸ்புரம் கரையில் ஒன்றைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். திருக்கை வலையில் விழுந்தது. முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. ஈர மணலில் மல்லாந்து கிடந்தது. மற்றத் திருக்கைகளுக்கு வாய் வயிற்றுப் பக்கம் இருக்கும். இதற்கு முன்விளிம்பிலேயே அகலமாக, மூடாத பெட்டி போல இருந்தது. வயிற்றில் இரண்டு பக்கமும் ஐந்தைந்து செவுள் வெட்டு. வாயின் இருபுறமும் துடுப்பு இரண்டு, வெற்றிலைச் சுருள் மாதிரி சுருண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருந்தன. நான் அதைத் தொடப் போனபோது வலைக்காரத் தாத்தா ஒருவர், "ஆனைத் திருக்கைலே இது. கொம்பப் பாத்தியா?" என்றார். அவர் விரல் காட்டியது அந்தச் சுருள்களை.

கொம்பு என்றால் நமக்கு மாட்டுக் கொம்பு மட்டுமா? யானையின் தந்தமும் கொம்புதான். தந்தம் உள்ள ஆண் யானைக்குக் கொம்பன் என்றே பெயர். அப்படிப் பார்த்தால் ஆனைத் திருக்கை, கொம்புத் திருக்கை இரண்டும் தனித்தனிப் பெயர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. உடம்பைப் பார்த்து ஒன்று, முகத்தைப் பார்த்து ஒன்று. இரண்டும் ஒரே மிருகத்தில் போய் முடிகின்றன. எங்கள் பக்கத்துத் திருக்கைப் பெயர்கள் எல்லாமே இப்படிக் கண்ணால் பார்த்து வைத்தவை: செந்திருக்கை, மணல் திருக்கை, குருவித் திருக்கை. நிறம், கிடக்கும் இடம், பறக்கும் சாயல்.

ஸ்பானியர் வேறு மாதிரிப் பார்த்தார்கள். அவர்கள் மொழியில் மான்டா என்றால் போர்வை, கம்பளி. குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் சாதாரணத் துணி. அது மீனுக்குப் பெயரான கதையை அறிய அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரைக்குப் போக வேண்டும். 1735இல் பூமியின் வடிவத்தை அளப்பதற்காக ஒரு குழு தென் அமெரிக்காவின் கீட்டோவுக்குப் புறப்பட்டது. அதில் அன்டோனியோ தெ உல்யோவா என்ற இளம் ஸ்பானியக் கடற்படை அதிகாரியும் இருந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி 1748இல் வெளிவந்த நூலில் பனாமாவின் முத்துக் குளிப்பை அவர் விவரித்திருக்கிறார். அங்கே கடலுக்குள் இறங்கியவர்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள். எசமானுக்குக் கணக்கு வைத்து முத்துக் கொடுக்க வேண்டும். அவர்களுக்குச் சுறா பயம் ஒன்று, மான்டா பயம் இன்னொன்று. போர்வை போன்ற உடம்பால் குளிப்பவரைச் சுற்றிப் பிடித்து நெருக்கிக் கொன்றுவிடும், அல்லது மேலே கவிந்து எழவிடாமல் அமுக்கிவிடும் என்று நம்பினார்கள். அதற்காக ஒவ்வொருவரும் கையில் கூரிய கத்தியோடு இறங்கினார்கள்.

அந்த மீன் அப்படிச் செய்யாது. திருக்கை இனமாக இருந்தும் அதன் வாலில் கொட்டும் முள் கிடையாது. கொம்பு என்று நாம் சொல்லும் துடுப்பு, நீரோடு மிதந்து வரும் நுண்ணிய உயிர்களை வாய்க்குள் திருப்பி விடுவதற்கு. அதுதான் அதன் சாப்பாடு. இருந்தாலும் பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து சிப்பி பொறுக்குகிறவனை நினைத்துப் பாருங்கள். திடீரென்று வெளிச்சம் மறைகிறது. தலைக்கு மேலே ஒரு கூரை நகர்கிறது. எழும்ப வேண்டிய வழியை அது மூடிக்கொண்டு போகிறது. போர்வை என்ற சொல்லை அந்த இடத்தில் வைத்துப் பார்த்தால், மூச்சு முட்டுகிறவனின் வாயிலிருந்து வந்த சொல்லாகவே எனக்குக் கேட்கிறது.

நம் கரையிலும் அதே வேலை, அதே ஆழம், அதே மீன். ஆனாலும் எங்கள் குளியாட்கள் வைத்த பெயரில் பயம் இல்லை. அவர்கள் பயம் முழுக்கச் சுறாவின் மேல் இருந்தது. அதற்கு மருந்தாக இருந்தவர் கடல்கட்டி. என்ன அழகான பெயர்! கட்டு என்றால் மந்திரக் கட்டு. சுறாவின் வாயைக் கட்டுவது, கடலையே கட்டுவது. 13ஆம் நூற்றாண்டின் முடிவில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, குளிப்பவர்களைப் பெருமீன்கள் தீண்டாமல் மந்திரிப்பவர்களுக்கு எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு போகும் என்று எழுதியிருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒன்று. மந்திரம் பகலுக்கு மட்டும்தான்; இரவில் கட்டை அவிழ்த்துவிடுவார்களாம், வேறு யாரும் திருட்டுத்தனமாக இறங்கிவிடாதபடிக்கு. 19ஆம் நூற்றாண்டில்கூட எதிர்க்கரையான இலங்கையில், ஆங்கில அரசே கடல்கட்டிக்குக் கூலி கொடுத்துச் சலாபத்துக்கு, அதாவது முத்துக்குளிப்புக்கு, வரவழைத்தது. அவர் வராமல் ஆட்கள் இறங்க மாட்டார்கள்.

பனாமாவில் கத்தி, இங்கே மந்திரம். நான் இதில் மொழிக்கான ஒரு காரணத்தையும் பார்க்கிறேன். பயத்தைச் சுமக்க ஒரு மனிதர் இருந்ததால், மீனின் பெயர் அதைச் சுமக்க வேண்டியிருக்கவில்லை. இங்கே குளித்தவர்கள் இந்தக் கடலின் மக்கள், திருக்கையை வலையில் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோய்ப் புட்டு அவித்தவர்கள். பிள்ளை பெற்ற பெண்ணுக்குப் பால் சுரக்கத் திருக்கைப் புட்டு கொடுக்கும் வீட்டில் அதற்குப் பேய்ப் பெயர் வராது. பனாமாவில் இறங்கியவர்கள் வேறு கண்டத்திலிருந்து பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்கள், அல்லது அவர்கள் பிள்ளைகள். அந்தக் கடல் அவர்கள் கடல் இல்லை.

இனி அந்தப் போர்வையின் வேரைப் பார்ப்போம். ஸ்பானிய மான்டாவுக்கு மூலம் பிற்கால லத்தீன் சொல்லான மான்டும், அதாவது மேலங்கி. அதற்கும் முந்தியது மான்டெல்லும். பிரெஞ்சுக்காரரின் மான்தோ, ஆங்கிலத்தின் மேன்டில், இத்தாலியரின் மான்டெல்லோ எல்லாம் இந்தக் குடும்பம். 7ஆம் நூற்றாண்டில் செவில் நகரத்து ஆயர் இசிதோர் சொற்களின் பிறப்பைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுதினார். மான்டும் கைகளை மட்டும் மூடும் குட்டை அங்கி, அதனால் கையைக் குறிக்கும் மானுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து அது வந்தது என்பது அவர் விளக்கம். இன்றைய மொழியியலாளர் அதை ஏற்பதில்லை. ஒலி ஒத்ததை வைத்துக் கட்டிய உறவு.

அதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று திருக்கை நினைவுக்கு வந்தது. அதிலும் கடைசியில் கை இருக்கிறது! திரு என்றும் கை என்றும் உடைத்து, சிறகைக் கையாக்கிக் கதை சொல்பவர்கள் உண்டு. மாவு அரைக்கும் திருகையோடு இணைப்பவர்களும் உண்டு. வட்டமாக இருக்கிறதே என்பார்கள். மலையாளத்தில் அதே மீன் திரண்டி. பக்கத்து வீட்டுச் சொல்லில் கையும் இல்லை, திருகையும் இல்லை. ஒரு சொல்லை உடைக்கும் முன் அதன் உறவுக்காரர்களை விசாரிக்க வேண்டும். செவில் ஆயருக்கும் நம் ஊர்க் கதைசொல்லிக்கும் நடுவில் ஏறத்தாழ 1,400 ஆண்டு இருக்கிறது, ஆசை ஒன்றுதான்.

மேன்டில் என்ற சொல் தூத்துக்குடிக்கு இன்னொரு வழியாகவும் வந்து சேர்ந்தது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். முத்துச்சிப்பியின் ஓட்டுக்கு உள்பக்கமாக, உடலைப் போர்த்தியபடி மெல்லிய சதை ஒன்று இருக்கிறது. ஓட்டின் உள்ளே மின்னும் பூச்சைச் சுரப்பது அது. உள்ளே வந்து சிக்கிய உறுத்தலைச் சுற்றி அடுக்கடுக்காய்ப் படிந்து முத்தாவதும் அந்தச் சுரப்புத்தான். விலங்கியலில் அதற்குப் பெயர் மேன்டில். அதே லத்தீன் மேலங்கி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 1973இல் தூத்துக்குடியில் இந்தியாவின் முதல் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டியபோது செய்தது இதைத்தான். ஒரு சிப்பியின் மேன்டிலிலிருந்து சின்னஞ்சிறு சதுரமாக ஒரு துண்டை வெட்டி எடுத்து, உருண்டையான ஒரு கருவோடு சேர்த்து இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைத்தார்கள். அந்தத் துண்டு வளர்ந்து கருவைப் போர்த்தி, அதன் மேல் முத்துப் பூச்சைப் பூசியது. தொல்லாயிரம் பார் போன்ற முத்துச்சிப்பிப் பார்களில் கடைசியாகச் சலாபம் நடந்தது 1961இல். பன்னிரண்டு ஆண்டு கழித்து, ஆள் குளிக்காமலே முத்து வந்தது. முத்தைச் செய்யும் போர்வையும், முத்தெடுப்பவனைக் கொல்லும் என்று பயந்த போர்வையும் ஒரே வேரின் இரண்டு கிளைகள்.

அறிவியலார் இந்த மீனுக்குப் பெயர் வைத்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1792இல் ஜெர்மானியர் வால்பாவும் வைத்த இனப்பெயர் பைரோஸ்ட்ரிஸ்; இரண்டு அலகு உடையது என்று பொருள். திரேஸ்புரத்துத் தாத்தா விரல் காட்டிய அதே இரண்டு சுருள்கள். 1829இல் பேன்கிராஃப்ட் என்பவர் எழுதியதன் வழியாக மான்டா என்பது அதன் பேரினப் பெயராகி நிலைத்தது. 2017இல் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், இது தனிப் பேரினம் இல்லை, மொபுலா என்ற பேரினத்துக்குள் அடங்கும் என்று மாற்றிவிட்டார்கள். பனாமாக் குளியாட்களின் சொல் அறிவியல் பெயரிலிருந்து இறங்கிவிட்டது. பைரோஸ்ட்ரிஸ் அப்படியே இருக்கிறது. போர்வை போய், கொம்பு நின்றது.

இப்போது டூரினுக்குத் திரும்புவோம். மான்டாவை வரைந்த ஜார்ஜெத்தோ ஜூஜாரோவுக்கு அப்போது முப்பது வயது. அல்டோ மான்டொவானியோடு சேர்ந்து அந்த ஆண்டுதான் இட்டால்டிசைன் நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். நிறுவனத்தின் பெயரில் வெளியே வந்த முதல் கார் மான்டா. கூட்டாளியின் பெயரிலும் மான்டா இருக்கிறதே என்று யாரும் முடிச்சுப் போட வேண்டாம். மான்டொவானி என்றால் மான்டொவா ஊர்க்காரர். நம் திருநெல்வேலியார் மாதிரி. செவில் ஆயர் விழுந்த அதே பள்ளம்.

முன்பாதி பெயரான பிட்ஸரீனி ஒரு மனிதர். ஜோத்தோ பிட்ஸரீனி, 1926இல் லிவோர்னோ வட்டாரத்தில் பிறந்த பொறியாளர். ஃபெராரியில் இருந்தபோது 250 ஜிடிஓ காரை உருவாக்கியவர், பிறகு லம்போர்கினிக்கு முதல் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினை வரைந்தவர். 2023இல்தான் காலமானார். சொந்த நிறுவனத்தை அவர் நடத்தியது லிவோர்னோவில். அந்தத் துறைமுகத்துக்கும் இந்தியாவுக்கும் பழைய பழக்கம் உண்டு. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மத்தியதரைக் கடலின் பவளம் லிவோர்னோ வணிகர் வழியாகத்தான் இந்தியாவுக்குக் கப்பலேறியது; பதிலுக்கு இங்கிருந்து வைரம் போனது. பவளம் ஏற்றிய ஊரில் கட்டிய, மான்டாவின் உடலைத் தாங்கிய சட்டகத்துக்கு முத்துக் குளித்தவர் சொல் பெயராக அமைந்திருக்கிறது.

அந்தச் சட்டகம் பி538 என்ற பந்தயக் காருடையது. பி என்றால் இத்தாலிய மொழியில் பின்னால் என்பதன் முதலெழுத்து, எஞ்சின் பின்னால் இருப்பதால். 53 என்பது 5.3 லிட்டர். 8 என்பது சிலிண்டர் எண்ணிக்கை. எஞ்சின் அமெரிக்க ஷெவர்லேயினுடையது, கொர்வெட் காரில் ஓடிய வகை. அந்தக் கொர்வெட்டுக்கு 1963 முதல் இருந்த பெயர் ஸ்டிங் ரே, அதாவது கொட்டும் திருக்கை. ஆக, கொட்டும் திருக்கையின் இதயத்தை எடுத்து ஆனைத் திருக்கையின் உடம்புக்குள் வைத்திருக்கிறார்கள்! மறுவருடம் அந்த அமெரிக்க நிறுவனமே, மாகோ சுறா என்று பெயரிட்டிருந்த தன் காட்சிக் கார் ஒன்றைத் திருத்தி மான்டா ரே என்று காட்டியது. அதுவும் உற்பத்திக்கு வரவில்லை. 1970இல் ஜெர்மனியின் ஓப்பல் தன் சாதாரணக் கார் ஒன்றுக்கு மான்டா என்று பெயர் வைத்தது. அது 1988 வரை பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பெயர் சாலைக்கு வந்தது அந்த எளிய காரின் மேல் ஏறித்தான்.

பிட்ஸரீனி மான்டா ஏன் நின்றுபோனது என்பதில் மர்மம் ஒன்றும் இல்லை. 1969இல் பிட்ஸரீனியின் நிறுவனம் கடனில் மூழ்கியது. செய்யச் சொல்ல ஆளில்லை. ஓட்டுநரை நடுவில் உட்காரவைக்கும் அமைப்பு 1992இல் மெக்லாரன் எஃப்1 காரில் வந்தது. அதுவும் மொத்தம் 106தான். ஜூஜாரோவோ ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப், ஃபியட் ஊனோ என்று கோடிக்கணக்கானவர் ஏறும் கார்களை வரையப் போய்விட்டார். நம் ஊர்களில் ஓடிய குட்டி மாட்டிஸும் அவர் கைவேலை. எங்கள் தெருவில் ஒரு டாக்டர் வைத்திருந்தார். அந்த முட்டை வடிவக் காரை வரைந்த கைதான் மான்டாவையும் வரைந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

இன்று தூத்துக்குடியிலேயே கார் செய்கிறார்கள். வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் சில்லாநத்தம் சிப்காட்டில் கட்டிய மின்சாரக் கார் ஆலை 2025 ஆகஸ்ட் 4ஆம் தேதி திறக்கப்பட்டது. அங்கே பூட்டப்படும் விஎஃப்6, விஎஃப்7 இரண்டின் உருவத்தையும் வரைந்து கொடுத்தது டொரினோ டிசைன். டொரினோ என்பது டூரினுக்கு இத்தாலியர் சொல்லும் பெயர். 1968இல் இங்கிருந்து பார்த்தால் உலகத்தின் மறுமுனை. இன்று அந்த ஊர் வரைந்த கோடு எங்கள் ஊர்ச் செம்மண்ணில் தகடாக வளைகிறது. பெயர்தான் எனக்குக் குறையாக இருக்கிறது. இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும். இத்தனை மீனுக்கு இத்தனை பெயர் வைத்த கரையில் ஒரு காருக்கு ஒரு பெயர் கிடைக்காதா?

சென்ற மாதம் திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் அண்ணன் ஒருவரிடம் போனில் மான்டா காரின் படத்தைக் காட்டினேன், மேலிருந்து எடுத்தது. பெயரைச் சொல்லவில்லை. உப்பு காய்ந்த விரலால் படத்தைப் பெரிதாக்கினார். மூக்கிலிருந்து கூரை வரைக்கும் மெதுவாக நகர்த்தினார்.

"திருக்கை மாதிரில்லா இருக்கு" என்றார்.

"ஆனைத் திருக்கைன்னு பேர் வச்சிருக்காங்க, அண்ணாச்சி."

மறுபடி மூக்குப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"கொம்பு இல்லயே. இது மணல் திருக்கை."